பிறந்த நாடு: இந்தியா

அலுவலகத்தில் காபி போட்டுக்கொள்ளும் அறையில், மைக்ரோவேவுக்கு மேலே இருந்த பலகையில் ஒரு நாள் காலை புதிதாக ஒரு தாள் குத்தியிருந்தது. காபி எடுக்கப் போன நான் நின்று வாசித்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையின் பெயர், அதற்கு வேண்டிய படிப்பு, அனுபவம், ஆண்டுச் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. என் பெயர் மட்டும் இல்லை. இந்த விண்ணப்பம் பற்றி யாரிடமாவது ஆதாரம் ஏதும் இருந்தால் தொழிலாளர் துறை அதிகாரிக்கு அனுப்பலாம் என்று கடைசிப் பத்தியில் அட்லாண்டா முகவரி ஒன்று கொடுத்திருந்தார்கள். 2010 ஏப்ரல் வாக்கில் நடந்தது இது. நியூ ஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன்.

வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்குவதில் முதல் படி அந்தத் தாள். நாங்கள் 'லேபர்' என்போம். 2005 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள பெர்ம் என்ற முறை. இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளி யாரும் கிடைக்கவில்லை என்று நிறுவனம் காட்ட வேண்டும். இந்த ஊரில் இந்த வேலைக்கு என்ன சம்பளம் நடப்பில் இருக்கிறது என்று முதலில் தொழிலாளர் துறையிடம் எழுதி வாங்க வேண்டும். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகை விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் பதிவு, அலுவலகத்துக்குள் தொடர்ந்து பத்து வேலை நாட்கள் அறிவிப்பு. வருகிற விண்ணப்பங்களை மேலாளர் படித்து, ஒவ்வொருவரும் ஏன் பொருந்தவில்லை என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் யாருக்காக நடக்கிறதோ அவர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா, ஓய்வுக்கு இன்னும் சில வருடங்களே இருந்தவர், அந்தத் தாளைப் படித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். "உன் வேலைக்கு ஆள் தேடுகிறார்களே, வேறு இடம் போகிறாயா?" என்று கவலையோடு கேட்டார். போகவில்லை, தொடர்ந்து இருப்பதற்காகத்தான் இந்த விளம்பரம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு படியாக விளக்கினேன். நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், தன் நாட்டில் இப்படி ஒரு நடைமுறை இருப்பதே இத்தனை வருடங்களாகத் தனக்குத் தெரியாது என்றார். பெரும்பாலான அமெரிக்கர்களுக்குத் தெரியாது. எங்கள் வாழ்க்கையில் பாதியை எடுத்துக்கொண்ட ஒரு விஷயம், பக்கத்து மேசையில் இருப்பவருக்குக் கண்ணில் படாமலேயே நடந்துகொண்டிருந்தது.

நான் அமெரிக்கா வந்தது 2006-இல், எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில். அடுத்த வருடம் மனைவியும் ஆறு வயது மகளும் வந்தார்கள். என்னை அழைத்துவந்த கன்சல்டிங் நிறுவனம் முதல் வருடத்திலேயே லேபர் போடுவதாகச் சொல்லியிருந்தது. பிறகு 'அடுத்த வருடம்' என்றது. 2008-இல் பொருளாதாரம் விழுந்ததும் அந்தப் பேச்சே நின்றுபோனது. அதே வகை வேலையில் ஆறு மாதத்துக்குள் ஆட்குறைப்பு செய்திருந்தால், வேலை இழந்தவர்களுக்கு முதலில் தகவல் சொல்லி அவர்களைப் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் அந்த ஒரு விதிக்காகவே பல நிறுவனங்கள் லேபரை மொத்தமாக நிறுத்தி வைத்தன. எச்-1பியின் ஆயுள் ஆறு வருடம். அதற்குள் லேபர் ஏதாவது ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி மேலே நீட்டிக்க முடியும். அதனால்தான் 2009-இல் மருந்து நிறுவனத்துக்கு மாறினேன்.

என் லேபர் தாக்கலானது 2010 ஆகஸ்டில். அந்த நாள்தான் 'பிரயாரிட்டி டேட்', சுருக்கமாக 'பிடி', வரிசையில் என் இடம். அதன் பிறகு நிறுவனம் ஐ-140 மனு போட்டது, 2011-இல் அது ஒப்புதலானது. திறமை, படிப்பு, சம்பளம், நிறுவனத்தின் நிலைமை எல்லாவற்றையும் பார்த்து, இவர் நிரந்தரமாக இங்கே இருக்கத் தகுதியானவர் என்று அரசாங்கம் எழுத்தில் சொல்லிவிட்டது. மூன்றாவது படியான ஐ-485 விண்ணப்பத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. அதை எப்போது போடலாம் என்பதை வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டின் சொல்லும்: அதில் வரும் தேதிக்கு முந்திய பிரயாரிட்டி டேட் உள்ளவர்கள் போடலாம். அதில் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு பத்தி உண்டு. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போது, அறிமுகமாகி ஐந்து நிமிடத்தில் வரும் கேள்வி: "உங்க பிடி என்ன?" சொந்த ஊர் எது என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தியாவுக்கு ஏன் தனிப் பத்தி? 1990-இல் வந்த குடியேற்றச் சட்டம் வேலைவழிக் கிரீன் கார்டுகளுக்கு வருடத்துக்கு 1,40,000 என்று எண்ணிக்கை வைத்தது. வேலை பார்ப்பவர் மட்டுமல்ல, அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. நாலு பேர் உள்ள குடும்பம் நாலு எண்களை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல், எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே 7, சில லட்சம் பேர் மட்டுமே உள்ள ஐஸ்லாந்துக்கும் அதே 7. என்னுடைய பிரிவான இபி-2வில் வருடத்துக்கு ஏறத்தாழ 40,000. அதில் இந்தியர்களுக்கு உறுதியாகக் கிடைப்பது 2,800 சொச்சம். மற்ற நாட்டார் எடுக்காமல் மிச்சம் விட்டால் அது கொஞ்சம் வரும். குடியுரிமையை மாற்றிக்கொண்டாலும் பயனில்லை, ஏனென்றால் சட்டம் பார்ப்பது பிறந்த இடத்தை. கனடா பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு ஆந்திர நண்பரும் எங்களோடு அதே பத்தியில்தான் நின்றார்.

1965-இல் அமெரிக்கா பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. வடமேற்கு ஐரோப்பாவுக்குக் கதவைத் திறந்து வைத்து ஆசியாவுக்கு ஏறக்குறைய மூடிவைத்திருந்த ஏற்பாடு அது. அந்த அநியாயத்தை நீக்க வந்தவர்கள், எந்த நாடும் முழுவதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சமமான உச்சவரம்பு வைத்தார்கள். நோக்கம் நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பிறந்த நாட்டைப் பார்த்தால் அது சட்டவிரோதம். அப்படிப் பார்க்காமல் தேர்ந்தெடுத்த ஆளை, பிறந்த நாட்டைப் பார்த்து வரிசையில் நிறுத்துகிறது அரசாங்கம். இதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

என் குழுவில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு தம்பி இருந்தான். என்னைவிட ஒரு வருடத்துக்கு மேல் பிந்தி லேபர் போட்டவன். அதே மேலாளர், அதே வழக்கறிஞர், அதே இபி-2. இலங்கைக்குத் தனிப் பத்தி இல்லை, 'மற்ற நாடுகள்' என்ற பத்திதான். அதில் அப்போது பெரும்பாலும் காத்திருப்பே இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்குள் அவன் கையில் கார்டு. அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அண்ணை, உங்களுக்குச் சொல்லவே எனக்கு ஒரு மாதிரியாக் கிடக்கு. இது என்ன ஞாயம் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றான். போரில் வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவன். அவனுக்கு ஒரு நல்லது சீக்கிரம் நடந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் பிறந்தவனுக்குப் பத்து வருடத்துக்கு மேல், அந்தப் பக்கம் பிறந்தவனுக்கு இரண்டு வருடத்துக்குள் என்பதை மட்டும் எங்கள் இருவராலும் எந்த வகையிலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களில் பலர் 2007 ஜூலையைப் பார்த்தவர்கள். அந்த மாத புல்லட்டினில், திறன்சாராத தொழிலாளர் நீங்கலாக எல்லா வேலைவழிப் பிரிவுகளும் 'கரண்ட்' என்று வந்தது. லேபர் முடித்த யார் வேண்டுமானாலும் ஐ-485 போடலாம். எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கத்து கிளினிக்குகளில் மருத்துவப் பரிசோதனைக்குக் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். இந்தியாவில் இருந்த மனைவிமாரை அவசரமாக வரவழைத்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி, எண்கள் தீர்ந்துவிட்டன, விண்ணப்பம் ஏற்கமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு எங்கள் ஆட்கள் கொடுத்த பதில் பூங்கொத்து. முந்தைய வருடம் வந்த 'லகே ரஹோ முன்னா பாய்' படத்தில் வரும் காந்தி வழி அது. குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸ் பெயருக்கு நூற்றுக்கணக்கில் பூக்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றை அவர் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காயம்பட்டுக் கிடந்த வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். சான் ஹோசேயில் ஊர்வலம் நடந்தது. ஜூலை 17-ஆம் தேதி முடிவை மாற்றிக்கொண்டு, ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை வாங்கினார்கள். என் நண்பர் ஒருவர் அப்போது உள்ளே போனார். லேபரே இல்லாத நான் அந்த வரிசையின் வாசலுக்குக்கூட வந்திருக்கவில்லை.

எனக்கு அப்படி ஒரு வாசல் தெரிந்தது 2012-இன் தொடக்கத்தில். இபி-2 இந்தியா தேதி ஜனவரியில் 2009 ஜனவரிக்கு வந்து, பிப்ரவரியில் ஒரே தாவில் 2010 ஜனவரிக்குப் போனது. மார்ச்சில் 2010 மே 1. என் ஆகஸ்டுக்கு இன்னும் மூன்று மாதம்தான். அடுத்த புல்லட்டினிலேயே வந்துவிடலாம், காகிதங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அட்டர்னி. முதலில் கேட்டது பிறப்புச் சான்றிதழ்.

நான் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரையில் ஒரு கிராமத்தில், பாட்டி வீட்டில், 1971 ஐப்பசியில். பதிவேட்டில் இருந்தது 'ஆண் குழந்தை' என்று மட்டும்தான். பெயர் இல்லை. எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பெயர் வைப்பது அப்புறம், பதிவது முன்னால். என்னை அடையாளம் காட்டுவது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். அதில் என் பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயராகி, அமெரிக்காவில் அதுவே என் குடும்பப் பெயராகிவிட்டது. மனைவிக்கும் மகளுக்கும் என் பெயர் குடும்பப் பெயர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர். இதற்கெல்லாம் விளக்கமாக, நான் பிறந்தபோது இருந்து நேரில் அறிந்த இருவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அம்மாவையும் தாய்மாமனையும் சொன்னேன்.

அட்டர்னி அனுப்பிய மாதிரி ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லிப் புரியவைக்க போன் போட்டேன். "எத்தனை மணிக்கும்மா பொறந்தேன்?" என்று கேட்டதும் அம்மாவுக்குக் குரலே மாறிவிட்டது. "நல்ல அடைமழைப்பா. ஆத்துல தண்ணி கரையத் தொட்டுட்டுப் போவுது. மருத்துவச்சி அக்கரையில இருக்கா. உங்க மாமாதான் பாலத்தைச் சுத்திப் போயி, அவள சைக்கிள்ல வெச்சு இட்டாந்தான். கோழி கூவுறதுக்குச் சித்த முன்னாடி நீ பொறந்த." மாமா பின்னாலிருந்து, "சைக்கிள்ல பாதி வழிதான்க்கா, மீதி தள்ளிக்கிட்டு" என்று திருத்தினார். இதில் எதுவும் பத்திரத்தில் வரவில்லை. பத்திரத்தில் வந்தது இவ்வளவுதான்: இன்ன தேதியில், இன்ன கிராமத்தில், இன்னாருக்கு மகனாக, இந்தியாவில் பிறந்தான். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் தட்டச்சு செய்து, நோட்டரி முன்னால் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, அழுத்தி எழுதியவை. கூரியரில் வந்த அந்தத் தாளைத் திருப்பினால் பின்பக்கம் எழுத்து விரலுக்குத் தட்டுப்பட்டது.

என்னை வரிசையின் கடைசியில் நிறுத்திய அந்த ஒரு விஷயத்தை, என் அம்மாவே சாட்சி சொல்லி உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

ஏப்ரலிலும் தேதி 2010 மே 1-லேயே நின்றது. மே மாத புல்லட்டினில் 2007 ஆகஸ்ட் 15-க்குப் பின்வாங்கியது. அடுத்த மாதம் இந்தியாவுக்கு இபி-2 எண்ணே இல்லை. புது நிதியாண்டு தொடங்கிய அக்டோபரில் 2004 செப்டம்பர். எங்கள் மூவருக்கும் சேகரித்த காகிதங்களை ஒரு பெரிய உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள் என் மனைவி.

அதன் பிறகு எட்டு வருடம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த எட்டு வருடத்தில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. வேலை இருந்தது, வீடு வாங்கினோம், எச்-1பி மூன்று மூன்று வருடமாக நீண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு நீட்டிப்போடும் ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகும், அதையும் புதுப்பிக்க வேண்டும். இந்தியா போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவதற்கு முன்னால், திரும்பி வர முடியுமா என்ற பயம். பதவி உயர்வு வந்தபோது, வேலையின் தன்மை மாறினால் லேபரை மறுபடி போட வேண்டியிருக்குமா என்று முதலில் அட்டர்னியைத்தான் கேட்டேன். 2014-இல் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். லேபர், ஐ-140 எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு பேன்ட்ரியில், இன்னொரு பலகையில், மறுபடி அந்தத் தாள். பழைய பிரயாரிட்டி டேட்டை மட்டும் கூடவே கொண்டுபோகச் சட்டம் விட்டது. அதுவும் இல்லையென்றால் யாருமே நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

என் மனைவி கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தவள். நியூ ஜெர்சி முழுக்க மருந்து நிறுவனங்கள், எங்கு பார்த்தாலும் ஆய்வகங்கள். துணைவருக்கான எச்-4 விசாவில் அவளுக்கு எந்த வேலையும் பார்க்க அனுமதி இல்லை. தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் நடத்தினாள். 2015 மே 26-இல், ஐ-140 ஒப்புதலான எச்-1பிகாரர்களின் துணைவருக்கு வேலை அனுமதி தரும் விதி நடப்புக்கு வந்தது. எட்டு வருட இடைவெளியை நேர்காணலில் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்ததை நான் கதவருகே நின்று கேட்டிருக்கிறேன். ஒரு தர ஆய்வகத்தில், தன் படிப்புக்குக் கீழான பொறுப்பில் சேர்ந்தாள். அந்த அனுமதியை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டே இருந்ததால், ஒவ்வொரு புதுப்பித்தலும் கடைசியாக இருக்கலாம் என்ற நினைப்போடுதான் வேலைக்குப் போனாள்.

எல்லாவற்றையும்விட எங்களைத் தின்றது பெரியவளின் வயது. அவள் 2000 டிசம்பரில் கும்பகோணத்தில் பிறந்தவள். சின்னவள் 2009-இல் எடிசனில் பிறந்தவள். சின்னவளுக்குப் பிறந்த அன்றே குடியுரிமை. பெரியவள் ஆறு வயதில் வந்து, இங்கேயே முதல் வகுப்பிலிருந்து படித்து, 21 வயதானால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து விலகிப்போகிற 'சார்ந்திருப்பவர்'. பள்ளியில் தோழிகள் கோடை விடுமுறைக்கு ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளால் சேர முடியவில்லை, சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை. கல்லூரிக்கு அரசாங்க உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாளில், வகுப்பில் எல்லோரும் கணினி முன்னால் இருக்க, இவளை நூலகத்துக்கு அனுப்பினார் ஆசிரியை. அன்று சாயங்காலம் வந்து, "அப்பா, பாப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். பதில் அவளுக்கே தெரியும். நான் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாள். சொன்னேன்.

2020-இல் கொரோனா வந்தது. தூதரகங்கள் மூடின. குடும்பவழியில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவர்களை அதிபர் ஆணை ஒன்றும் ஏப்ரலில் தடுத்தது. ஒரு நிதியாண்டில் குடும்பவழியில் பயன்படாமல் போகும் எண்கள் அடுத்த ஆண்டு வேலைவழிக்கு வந்து சேரும் என்பது சட்டம். அப்படி 2021 நிதியாண்டுக்கு 1,40,000 அல்ல, ஏறத்தாழ 2,62,000 எண்கள். அக்டோபர் புல்லட்டினில், ஐ-485 போட அனுமதிக்கும் 'தாக்கல் தேதி' 2011 மே 15. என் 2010 ஆகஸ்ட் அதற்குள். யாரோ ஒருவரின் மகளும், யாரோ ஒருவரின் தங்கையும் வர முடியாமல் போன இடத்தில்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. வாங்கிக்கொண்ட பிறகும் இது என் மனதில் ஒரு பாரமாகவே இருக்கிறது.

அலமாரி மேல்தட்டிலிருந்து அந்த உறை இறங்கியது. அம்மா 2017-இல் காலமாகிவிட்டார். புதிதாக வேறு யாரிடம் வாங்குவது, நான் பிறந்ததைப் பார்த்தவர்களில் மாமா ஒருவர்தான் மிச்சம். பழைய பத்திரமே செல்லும் என்றார் அட்டர்னி. அம்மா போய் மூன்று வருடம் கழித்து, அவருடைய சாட்சியம் எனக்காக அமெரிக்க அரசாங்கத்துக்குப் போனது. மற்றதெல்லாம் ஓட்டம். அப்போது நடப்பில் இருந்த விதிப்படி, அரசாங்கத்துக்குப் பாரமாக இருக்கமாட்டோம் என்று காட்ட வங்கிக் கணக்கு, கிரெடிட் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து ஒரு தனிப் படிவம். முகக்கவசத்தோடு மருத்துவப் பரிசோதனை. சின்ன வயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் காசநோய் தோல் சோதனையில் நம் ஊர்க்காரர்களுக்குத் தவறாகக் கை வீங்குவது வழக்கம். இப்போது அதற்குப் பதில் ரத்தச் சோதனை வந்துவிட்டிருந்தது. முடிவை டாக்டர் உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்பார், நாம் பிரிக்கக் கூடாது.

தாக்கல் செய்ததோடு பெரியவளின் வயது நிற்கவில்லை. பிள்ளைகளின் வயதை உறையவைக்கும் சட்டம் 2002-இலேயே வந்தது. ஆனால் அன்றைய விளக்கப்படி தாக்கல் தேதி அதற்குப் போதாது. கார்டு வழங்க அனுமதிக்கும் 'இறுதித் தேதி' எங்களை எட்டினால்தான் அவள் வயது உறையும். அவளுக்கு டிசம்பரில் இருபது முடிந்தது. இறுதித் தேதி பிப்ரவரியில் 2009 அக்டோபரைத் தாண்டாமல் ஊர்ந்தது. மார்ச்சில் 2010 ஜனவரி, ஏப்ரலில் மே, மே மாதத்தில் ஆகஸ்ட் 1. என் தேதி ஆகஸ்ட் நடுவில். ஜூன் புல்லட்டின் வந்த அன்று அவள் கல்லூரி விடுதியிலிருந்து எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டுப் போன் செய்தாள். 2010 டிசம்பர் 1. "அப்பா, நான் இருபதரை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கார்டுகள் கோடையில் தபாலில் வந்தன. என்னுடையதில் இ26, மனைவிக்கு இ27, மகளுக்கு இ28. மூன்றிலும் பிறந்த நாடு என்ற இடத்தில் இந்தியா.

அந்த நிதியாண்டின் கடைசி நாளான செப்டம்பர் 30 முடிந்தபோது, வழங்கி முடிக்காமல் அறுபதாயிரத்துக்கும் அதிகமான எண்கள் வீணாயின. வரிசையில் லட்சக்கணக்கானோர் நிற்கும்போது அவை காலாவதியாகி, சட்டப்படி இல்லாமல் போயின. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. நாட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றுசேராமலேயே அந்த அவையின் காலம் முடிந்துவிட்டது. வீணான எண்களை மீட்பதும், துணைவரையும் பிள்ளைகளையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதும், பிள்ளையின் வயதை மனு போட்ட நாளிலேயே நிறுத்துவதும் யாருடைய வேலையையும் பறிக்காத திருத்தங்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், வரி கட்டுகிறார்கள்.

என் மகளுக்கு இரண்டு வகுப்பு மேலே, தமிழ்ப் பள்ளியில் என் மனைவியிடம் படித்த பெண் ஒருத்தி. எட்டு வயதில் வந்தவள். அவள் அப்பாவின் தேதி 2012 கடைசி. 2019-இல் அவளுக்கு 21 ஆனபோது புல்லட்டின் அந்தத் தேதிக்கு எங்கோ பின்னால் இருந்தது. மாணவர் விசாவுக்கு மாறினாள், பட்டம் வாங்கினாள், எச்-1பி குலுக்கலில் பெயர் வரவில்லை, டொரண்டோவில் வேலை தேடிப் போய்விட்டாள். 2022-இல் பெற்றோருக்கும் தம்பிக்கும் கார்டு வந்தது. இப்போது பெற்றோர் அவளுக்காகக் குடும்பவழியில் மனு போட்டிருக்கிறார்கள். கிரீன் கார்டுகாரரின் 21 வயது தாண்டிய பிள்ளைக்கான பிரிவு, அதற்கும் பல வருட வரிசை. அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. பெற்றோர் குடியுரிமை வாங்குவதற்கு முன்னால் அவள் கல்யாணம் செய்துகொண்டால் மனு செல்லாது. போன மாதம் கோயிலில் அவள் அம்மாவைப் பார்த்தோம். டொரண்டோவிலேயே ஒரு நல்ல வரன் வந்திருக்கிறதாம், கோயம்புத்தூர்ப் பையன். "ஜாதகம் பொருந்தியிருக்கு. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அட்டர்னியைக் கேக்கணும். திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கோம்" என்றார்.